டைனமோவைப் போல் சுற்றிய தூண்டில் கம்பி

ராஜையன் எந்த வேலையையும் இரண்டு முறை செய்வான். முதல் முறை வேலைக்காக, இரண்டாம் முறை தன்மேல் உள்ள சந்தேகத்துக்காக. மோட்டார் பட்டறையில் ஒரு திருகை முறுக்கிவிட்டு நாலடி நடப்பான், பிறகு திரும்பி வந்து ஸ்பானரைப் போட்டுப் பார்ப்பான். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவான், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பான்.

"ஏலே, உனக்குக் கல்யாணம் ஆனா தாலியை ரெண்டு தடவை கெட்டுவியா?" என்று மேஸ்திரி வைகுண்டராஜன் கேட்பார். பட்டறையே சிரிக்கும். ராஜையனும் சிரிப்பான். சிரித்துக்கொண்டே கையில் இருப்பதை மறுபடி ஒருமுறை பார்ப்பான்.

நாகர்கோவிலிலிருந்து வடசேரிக்குப் போகும் சாலையில் அந்தப் பட்டறை இருந்தது. பஸ்களும் ஊரில் இருந்த நாலைந்து கார்களும் அங்கேதான் பழுது பார்க்க வரும். ஆவணி மாதத்தில் மின்சார இலாகா எஞ்சினியர் நாராயணபெருமாளின் கார் டைனமோ கருகிப்போய் வந்தது. அதற்குள் இருந்த செம்புக் கம்பிச் சுருளைப் பிரித்து, புதுக் கம்பி போட்டு, ராஜையன் சுற்றிக் கொடுத்தான். எஞ்சினியர் மூடியைத் திறந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"யாருடே இதைச் சுத்தினது?"

ராஜையன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தான். ஏதோ தப்பு நடந்துவிட்டது என்றுதான் நினைத்தான்.

"நான்தான் சார்."

"எங்க படிச்சே?"

"மிஷன் பள்ளிக்கூடத்துல மாலை வகுப்பு சார். மின்சாரம்."

அவர் மூடியை மாட்டிவிட்டுப் போய்விட்டார். ஐப்பசி பிறந்து மழை கொஞ்சம் விட்ட ஒரு நாளில் திரும்பி வந்தார். கையில் தோல்பெட்டி ஒன்று இருந்தது. பட்டறைக்குப் பின்னால் ராஜையனை மட்டும் கூப்பிட்டுப் போய்த் திறந்து காட்டினார். உள்ளே பித்தளை விளிம்பு வைத்த கறுப்பு உருளை, கைப்பிடியோடு. பக்கத்தில் கம்பிக் கட்டு ஒன்று. வெளிறிய நிறம், தொட்டால் துள்ளும்.

"தூண்டில் ரீல், கேட்டியா. சீமையில படிக்கச்சே ஒரு சிநேகிதன் பழக்கிவிட்டான். படகு ஓட ஓட, பெரிய மீனை ஆழத்துல பிடிக்கிறது. நூலுன்னா மேலேயே மெதக்கும். இந்தக் கம்பி கனத்துல தாழும், உப்பும் இதைத் தின்னாது. அங்க கடைக்காரனே சுத்திக் குடுத்தான். அது போன வருசம் அந்துபோச்சு. புதுசை நாமதான் சுத்தணும்."

"வீட்டுல வச்சு…" என்று ராஜையன் இழுத்தான்.

"நல்லா சொன்னே! எங்கம்மை இந்தப் பெட்டியைப் பாத்தா தலை முழுகிட்டுத்தான் அடுப்படிக்குப் போவா. முட்டத்து லைட்ஹவுஸ் விளக்கைப் பாக்கப் போறேன்னுதான் அவளுக்குச் சொல்லி வச்சிருக்கேன்."

எஞ்சினியர் வீட்டில் மீன் என்ற பேச்சே கிடையாது. அவரும் தின்னமாட்டார். பிடிப்பதில் மட்டும் பித்து.

"டைனமோவை எப்படிச் சுத்தினியோ அப்படியே சுத்து. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து வாங்கிக்கிடுதேன். சனிக்கிழமை காலம்பற கடலுக்குப் போணும். நல்லா அமைஞ்சுதுன்னா, திங்கக்கிழமை நீ எங்கூடப் பள்ளிவாசலுக்கு வாறே. பள்ளிவாசலுங்கிற அந்த மலையூருல அவ்வளவு பெரிய மின்சார வேலை நடக்குது, சுருள் சுத்தத் தெரிஞ்ச ஒரு கை இல்லாம நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும்."

அன்றிலிருந்து ராஜையனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சோற்றில் கை வைத்தால் பள்ளிவாசல், படுத்தால் பள்ளிவாசல். அக்கா வீட்டு நடையில் பாய் விரித்துப் படுப்பவனுக்கு, மலையில் அருவியைக் குழாய்க்குள் இறக்கி வெளிச்சமாக்கும் இடத்தில் தனக்கென்று ஒரு மேசை இருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. இருபத்திரண்டு வயது ஆகிறது, இதுவரை கொட்டாரத்துக்குத் தெற்கே கடலையும் தக்கலைக்கு வடக்கே மலையையும் அவன் எட்ட நின்று பார்த்தானே தவிரக் கிட்டே போனதில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் அக்கா தங்கபாயைத் துணைக்கு வைத்துக்கொண்டு சுற்ற உட்கார்ந்தான். அத்தான் உபதேசியார். கருங்கல் ஊருக்குப் பக்கத்துச் சபையில் இருந்தார், சனிக்கிழமைதான் வருவார். தங்கபாய் லேஸ் பின்னும் தலையணையை ஒதுக்கி வைத்துவிட்டு, கம்பிக் கட்டுக்குள் ஒரு கட்டைப் பென்சிலை நுழைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ரீலை ஒரு பலகையில் திருகி, ராஜையன் கைப்பிடியைச் சுழற்றினான்.

"அக்கா, கம்பியைப் பிடிக்காண்டாம். பென்சிலை மாத்திரம் பிடி. கம்பி தானா வரட்டு."

"நான் எங்கலே பிடிக்கேன்? சவம், பாம்பு மாதிரியில்லா துள்ளுது."

"எண்ணெய் தொட்டுக்கோ, துள்ளாது."

"கம்பிக்கு எண்ணெய் உண்டு. என் தலைக்குக் கேட்டா மட்டும் இல்ல." அவள் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தில் விரலைத் தொட்டுக் கம்பிமேல் வைத்தாள். கம்பி வழுக்கிக்கொண்டு வந்தது.

டைனமோக் கம்பிக்குப் பஞ்சு நூல் உறை உண்டு. வலித்து இழுத்தால் உறை பிளக்கும், செம்பு நீளும், நீண்ட இடம் மெலியும், மெலிந்த இடம் கருகும். அதனால் ராஜையனின் விரல்கள் கம்பியை இழுத்து அறியாதவை. தூங்கும் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவது போலத்தான் அவை கம்பியைக் கிடத்தும். இந்தக் கம்பியையும் அப்படியே கிடத்தினான். ஒரு சுற்றோடு ஒரு சுற்று ஒட்டி, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், விளிம்பு வரை போய்த் திரும்பி, அடுக்கடுக்காக. இருட்டுவதற்கு முன் முடிந்தது.

தங்கபாய் வாயில் கை வைத்தாள். "ஏலே, இதை நகைக்கடையில கண்ணாடிக்குள்ள வைக்கலாம்லே."

அவன் சும்மா இருக்கவில்லை. பட்டறையிலிருந்து கொண்டுவந்த பூதக்கண்ணாடியை வைத்துச் சுற்றிலும் பார்த்தான். ரீலை வைத்துவிட்டு முற்றத்தில் நடந்தான். திரும்பி வந்து இரண்டாம் முறை பார்த்தான். ஒரு சுற்றும் விலகியிருக்கவில்லை. இரண்டு முறையும் அவன் கண்ணால்தான் பார்த்தான்.

வெள்ளிக்கிழமை எஞ்சினியர் வந்தார். ரீலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அடேயப்பா" என்றார். "இதுல மீனைப் பிடிக்கவே மனசு வராது போலிருக்கே." காரில் தோல்பெட்டியைப் பின்சீட்டில் வைத்து, பிள்ளையைப் போல் ஒரு துண்டால் போர்த்தி, முட்டத்துக்கு விட்டார்.

*

அன்றே மாலை வகுப்பில் வாத்தியார் இன்னும் வரவில்லை. ராஜையன் மிஞ்சிய கம்பியை ஓர் உருட்டு ரூல்தடியில் அதே போல் சுற்றிக் கொண்டுவந்திருந்தான், கூடப் படிக்கும் ஜான்ரோஸிடம் காட்டுவதற்கு. ஜான்ரோஸ் பகலில் தையல்கடை, சாயங்காலம் மின்சாரம். எதையும் விளையாட்டாக்கித்தான் அவனுக்குப் பழக்கம்.

"இதுல மீனு பிடிப்பாராக்கும் உங்க எஞ்சினியரு?"

"இது சும்மா மாதிரி. அது பெரிசு."

"செரி, நீ எஞ்சினியரு, நான் மீனு. பிடி!" கம்பி நுனியைக் கைக்குட்டையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஜான்ரோஸ் பெஞ்சுகளுக்கு நடுவே கதவைப் பார்த்து ஓடினான்.

ரூல்தடி ராஜையனின் உள்ளங்கையில் உருண்டது. நாலைந்து சுற்றுதான் ஓடியிருக்கும், டக்கென்று நின்றது. தடி கையைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு தரையில் விழுந்து, ஜான்ரோஸின் பின்னாலேயே இழுபட்டுப் போனது.

"என்னலே இது? மீனுக்குப் பின்னால தூண்டிலுல்லா ஓடி வருது!" ஜான்ரோஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

ராஜையன் தடியை எடுத்துப் பார்த்தான். இழுபட்ட மேல்சுற்று காணாமல் போயிருந்தது. அடியில் கிடந்த சுற்றுகளை விலக்கிக்கொண்டு, கத்தி வெண்ணெயில் இறங்குவது போல் உள்ளே இறங்கி, அங்கேயே கடித்துக்கொண்டு நின்றது. இழுத்தான், வரவில்லை. வேறு ஓர் இடத்தில் நகத்தை வைத்துத் தள்ளினான். அழகாக அடுக்கிய சுற்றுகள் ஆடும் பல்லைப் போல் நகர்ந்து கொடுத்தன.

டைனமோச் சுருளை யாரும் பிடித்து இழுப்பதில்லை. அதற்குள் மின்சாரம்தான் ஓடும், மீன் ஓடாது.

வாத்தியார் வந்தார், கரும்பலகையில் எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். ராஜையன் அவர் வாய் அசைவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பெஞ்சுக்கடியில் அவன் கால் ஆடிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்தவன் இரண்டு முறை அதைத் தட்டி நிறுத்தினான்.

வகுப்பு விட்டதும் ஜான்ரோஸைப் பிடித்தான். "உன் சைக்கிளைத் தா. விடியக்காலம் முட்டத்துக்குப் போணும்."

"எதுக்கு?"

"அந்த ரீலும் இதே மாதிரிதான் கிடக்கு."

ஜான்ரோஸ் கொஞ்சம் யோசித்தான். "நான் ஒண்ணு சொன்னா கேப்பியா? பேசாம கிட. பாதி நாளு கடல்ல மீனே கிடைக்காது. திங்கக்கிழமை நீ பள்ளிவாசல்ல. பொறவு சிக்கினா உனக்கென்ன, சிக்காட்டி உனக்கென்ன?"

அது நல்ல யோசனையாகத்தான் ராஜையனுக்கும் பட்டது. அதனால்தான் சைக்கிளை இன்னும் அவசரமாக வாங்கிக்கொண்டான்.

*

கிழக்கு வெளுக்கும்போது வெள்ளிச்சந்தையைத் தாண்டியிருந்தான். வழியெல்லாம் சொல்லவேண்டிய வாக்கியத்தைத் தயார் செய்தான். "சார், ஒரு சின்னப் பிசகு." சின்னப் பிசகு என்பது பொய் அல்லவா? "சார், ரீலை ஒருதரம் பிரித்துச் சுற்ற வேண்டும்." ஏன் என்று கேட்பாரே. அம்மாண்டிவிளை இறக்கத்தில் சைக்கிள் தானாக ஓடியபோது, முகத்தில் அடித்த காற்றில், ஒன்றும் சொல்லாமல் சும்மா கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பினால்கூட என்ன என்று தோன்றியது. தோன்றியதும் ஓங்கி மிதித்தான்.

முட்டத்தில் பாறைகளுக்குக் கிழக்கே மணல்கரையில் வள்ளம் தயாராக நின்றது. முழங்கால் சட்டையும் தொப்பியுமாக எஞ்சினியர். அவர் பக்கத்தில் வள்ளத்துக்காரர் ததேயுஸ், இடுப்பில் கைலியை ஏற்றிக் கட்டிக்கொண்டு. இருவரும் குனிந்து ரீலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா, ஆளே வந்துட்டான்!" எஞ்சினியர் கையைத் தூக்கினார். "ததேயுஸே, இவன்தான் சுத்தினது. பாரும், ஒரு சுத்து விலகியிருக்கா? திங்கக்கிழமை இவன் எங்கூடப் பள்ளிவாசலுக்கு வாறான். மேல எழுதிப் போட்டாச்சு."

ததேயுஸ் ராஜையனை மேலும் கீழும் பார்த்தார். "கையைப் பாத்தா பெண்ணுக்க கை மாதிரி இருக்கு. அதான் இம்புட்டு வடிவா சுத்தியிருக்கு."

"சார்," என்றான் ராஜையன்.

"என்னப்பா?"

மேலே எழுதிப் போட்டாச்சு. ராஜையன் ரீலிலிருந்து கண்ணை எடுத்துக் கடலைப் பார்த்தான்.

"கடலைப் பாக்கலாம்னு வந்தேன் சார்."

"பாரேன், ஆசையை! ஏறு, ஏறு."

யோசிக்க விடவில்லை. தண்டு வலிக்கும் இரண்டு ஆட்கள் வள்ளத்தைத் தள்ளினார்கள். ததேயுஸ் ராஜையனின் கையைப் பிடித்துச் சாக்கைத் தூக்கிப் போடுவது போல் உள்ளே போட்டார். அலை ஒன்று வந்து முகத்தில் அடித்தது. அடுத்த அலைக்கு வள்ளம் மூக்கை உயர்த்தி, விழுந்து, வெளியே போய்விட்டது.

பாறைகளைக் கடந்ததும் ராஜையன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். ததேயுஸுக்கு வேடிக்கை. "எடு மக்கா, எடு. மீனுக்கும் காலம்பறக் கஞ்சி வேணும்லா." எஞ்சினியரைப் பார்த்துக் கண்ணடித்தார். "மீன் திங்காத ஆளு மீன் பிடிக்காரு. கடலுக்கு ஆகாத ஆளு கடல் பாக்க வந்திருக்கான். என் வள்ளத்துக்குன்னு வந்து சேருறதைப் பாத்தியளா அய்யா?"

எஞ்சினியர் சிரித்துக்கொண்டே, ரீல் பூட்டிய தூண்டில் பிரம்பை நீட்டி, வெள்ளித் தகடு மாட்டிய முள்ளைக் கடலில் இறக்கினார். ஆட்கள் தண்டு வலித்தார்கள். கம்பி மெல்ல மெல்ல இறங்கி, வள்ளத்துக்குப் பின்னால் சாய்வாக நீருக்குள் போயிற்று. கொஞ்சத்தோடு நிறுத்திக்கொண்டார். ரீலில் முக்கால்வாசி அப்படியே இருந்தது.

அப்போது ததேயுஸ் நகர்ந்து வந்து எஞ்சினியரின் பக்கத்தில் உட்கார்ந்தார். பிரம்பின் மேல் ஓடும் கம்பிக்குக் கீழே, ரீலை ஒட்டினாற்போல், வலது ஆட்காட்டி விரலைக் கொடுத்துக் கம்பியை அதன்மேல் ஏந்திக்கொண்டார். முட்டத்துக் கடலில் தூண்டில் போடுகிறவர்களின் வழக்கம் அது. மீன் வாய் வைப்பது கண்ணுக்கும் முன்னால் விரலுக்குத் தெரியும். பருத்தி நூலில் அப்படித்தான் அவர் சிறுவயது முதல் மீன் அறிந்திருந்தார்.

ராஜையன் அந்த விரலைப் பார்த்தான். மீன் இழுக்கும், ரீல் ஓடும், மேல்சுற்று உள்ளே இறங்கிக் கடிக்கும், டக்கென்று நிற்கும். நிற்கும்போது மொத்த இழுப்பும் அந்தக் கம்பியில். கம்பிக்கும் பிரம்புக்கும் நடுவில் விரல்.

"அண்ணாச்சி, விரலை எடும்!"

கத்தியது தான்தானா என்று அவனுக்கே தெரியவில்லை. தண்டு வலித்தவர்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏன்? உனக்க தாலிச் சரடா இது?" என்றார் ததேயுஸ்.

"கம்பி உள்ள தொளதொளன்னு கிடக்கு. மீன் இழுத்தா மேல்சுத்து அடியில போயி மாட்டும். ஓட்டம் நிக்கும். உம்ம விரலு போயிரும்."

எஞ்சினியர் முகத்தைத் திருப்பினார். "என்ன சொல்லுதே?"

"நான் சுத்தினது சரியில்ல சார்."

"நல்லாத்தானேடே இருக்கு?"

"பாக்கத்தான் சார்."

எஞ்சினியர் ரீலைப் பார்த்தார். வெயில் பட்டு அது நகை போல் மின்னியது. "உனக்குத் தலை சுத்துது. வாந்தி எடுத்தா அப்படித்தான் என்னென்னமோ தோணும். அங்க போயி உக்காரு. வெப்ராளப்பட்டுக் கத்தாதே." ததேயுஸைப் பார்த்து, "நீரு விரலை எடுக்காதேயும்," என்றார்.

ததேயுஸ் ராஜையனின் முகத்தைப் பார்த்தார். பிறகு விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "விரலு ஆண்டவர் தந்தது அய்யா. ஒண்ணு போனா இன்னொண்ணு தரமாட்டாரு. பிரம்பே சொல்லட்டு."

வள்ளம் விளக்குக் கோபுரத்துக்கு நேராக ஒருதரம் போய், திரும்பி, மறுபடி போயிற்று. மீன் வரக்கூடாது என்று ராஜையன் மனதுக்குள் ஜெபித்தான். அடுத்த நிமிஷமே, வந்தால்தான் தான் பைத்தியமில்லை என்று தெரியும் என்றும் நினைத்தான். இதில் எது தன் உண்மையான ஜெபம் என்று கர்த்தருக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

மூன்றாம் திருப்பத்தில் பிரம்பு வளைந்தது. ரீல் 'கிர்ர்' என்று கத்தியது. "நெய்மீனு!" என்று ததேயுஸ் எழுந்தார். எஞ்சினியரின் முகம் பத்து வயசுப் பிள்ளையின் முகமாயிற்று. அந்த முகம் மாறுவதற்குள் ரீல் கழுத்தை நெரித்தாற்போல் நின்றது. பிரம்பின் நுனி வள்ளத்தின் விளிம்புக்குக் கீழே போனது. கம்பி 'டிங்' என்று அறுந்தது. எஞ்சினியர் வள்ளத்துத் தண்ணீரை இறைக்கும் பானையின்மேல் மல்லாந்து விழுந்தார், பானை உடைந்தது. அறுந்த கம்பித் துண்டு சற்று முன் ததேயுஸின் விரல் இருந்த இடத்தில் பிரம்பின் பூச்சைக் கீறிக்கொண்டு போயிருந்தது.

ததேயுஸ் அந்தக் கீறலைத் தடவிப் பார்த்தார். பிறகு தன் விரலைப் பார்த்தார். அதை முத்தமிட்டு, சிலுவை போட்டுக்கொண்டார்.

"கரைக்கு விடும்," என்றார் எஞ்சினியர்.

*

மணலில் இறங்கியபின்தான் அவர் பேசினார். தொப்பி கடலில் போய்விட்டது. சட்டையில் வள்ளத்து அழுக்கும் நீரும்.

"உனக்கு இது எப்பத் தெரியும்?"

"நேத்து சாயங்காலம் சார். நீங்க போன பொறவு. மிச்சக் கம்பியை இழுத்துப் பாத்தப்போ."

"அதைச் சொல்லத்தான் வந்தியா, கடலைப் பாக்க வந்தியா?"

"சொல்லத்தான் சார்."

"பின்ன ஏன் கரையில வச்சுச் சொல்லல்ல?"

ராஜையன் மணலைப் பார்த்தான். பொய் ஒன்றும் கைவசம் இல்லை. "மேல எழுதிப் போட்டாச்சுன்னு சொன்னீங்க சார்."

எஞ்சினியர் குனிந்து சட்டை நுனியைப் பிழிந்தார். கோபத்தில் கத்தியிருந்தால் ராஜையனுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"டைனமோ மாதிரி சுத்துன்னு சொன்னவன் நான். அது என் பங்கு, ஒத்துக்கிடுதேன். ஆனா வாயைப் பொத்திக்கிட்டு வள்ளத்துல ஏறினது உன் பங்கு. மலையில நீ சுத்தின சுருளை நம்பி ஒருத்தன் கையை உள்ள விடுவான். உன்னை அந்த மேசையில உக்காத்திட்டு நான் எப்படிடே தூங்குவேன்? எழுதினதை மாத்தி எழுதிக்கிடுதேன்."

சொல்லிவிட்டு, காரில் வைத்திருந்த இட்லிப் பொட்டலத்தைத் தேடி மேட்டில் ஏறிப் போனார்.

ராஜையன் நின்றான். வீட்டுக்குப் போகலாம். சைக்கிள் பாறையில் சாய்ந்து நின்றது. ஆனால் ரீல் அங்கே பிரம்போடு மணல்மேல் விரித்த துண்டில் கிடந்தது, வயிற்றில் சிக்கோடு. அதை அப்படியே விட்டுவிட்டுப் போக அவனால் முடியவில்லை. தோல்பெட்டியை மூடினாலும் அது உள்ளே தொளதொளவென்று கிடக்கும்.

"அண்ணாச்சி," என்றான் ததேயுஸிடம். "ஒரு பெரிய தென்னமட்டை கிடைக்குமா? கொஞ்சம் கல்லும் வேணும்."

"அடுப்பு மூட்டப் போறியா?"

"இல்ல. ரீலைத் திரும்பச் சுத்தணும்."

"அதான் வேலை போச்சே, மக்கா."

"வேலை போச்சு. கம்பி இருக்குல்லா."

ததேயுஸ் தலையைச் சொறிந்தார். பிறகு போய், பன்னாடையோடு அகன்ற அடிமட்டை ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தார். ராஜையன் சிக்கைப் பிரித்து, மீதிக் கம்பி முழுவதையும் ஈரமணல் ஓரமாகக் கடைசி வரை நீட்டி ஓட்டினான். தூர நுனியை மட்டையில் கட்டினான், கம்பி இறுகி வருவதற்காக மட்டைமேல் கற்களை அடுக்கினான். பிரம்பை இரண்டு பாறைகளுக்கு நடுவே செருகி உட்கார்ந்து, நனைத்த துணியைக் கம்பியைச் சுற்றிப் பிடித்து, கைப்பிடியைச் சுழற்றினான். மட்டை லேசாக ஓடி வந்தது. போதவில்லை. "அண்ணாச்சி, இன்னும் ரெண்டு கல்லு!" மறுபடி சுழற்றினான். இப்போது மட்டை நகரவே மறுத்தது. "ஒண்ணை எடும்!" இப்படி ஏற்றியும் இறக்கியும், மட்டை முனகிக்கொண்டு மணலைக் கீறி வரும் அளவு ஒன்று கிடைத்தது.

கம்பி விறைத்துத் தரையைவிட்டு எழும்பியது. காற்றில் ரீங்கரித்தது. துணி வழித்த மணல் கீழே விழுந்தது. கட்டைவிரலால் கம்பியை இந்த விளிம்புக்கும் அந்த விளிம்புக்குமாகத் தள்ளிக்கொடுத்தான். ஒவ்வொரு சுற்றும் அடிச்சுற்றின்மேல் ஆணி அடித்தாற்போல் உட்கார்ந்தது. பார்க்க அவ்வளவு அழகில்லை, அங்கங்கே ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே போயிருந்தது. தோளும் மணிக்கட்டும் வலித்தன. நிறுத்தினால் தளரும், அதனால் நிறுத்தவில்லை. வயிற்றுக் குமட்டலும் தலைச்சுற்றலும் எப்போது நின்றன என்று தெரியவில்லை.

மட்டையோடு கூடவே நடந்து வந்த ததேயுஸ், "கரமடி வலை இழுக்கிற மாதிரியில்லா இருக்கு!" என்று பாட்டுச் சத்தம் கொடுத்தார். "ஏலேலோ… மீன் திங்காத மாமா… ஏலேலோ… மட்டை இழுக்கும் மருமோனே…"

தலைக்கு மேல் நிழல் விழுந்தது. எஞ்சினியர். விரலில் இட்லிப் பொடி ஒட்டியிருந்தது. அதை வேட்டியில் துடைப்பது போலச் சட்டையில் துடைத்துவிட்டு, குனிந்து, ரீலில் கம்பி ஓடாத ஓரத்தில் நகத்தை வைத்து அழுத்தினார். நகம்தான் வளைந்தது.

அவர் போகவில்லை. அங்கேயே நின்றார்.

ராஜையன் கைப்பிடியை விடாமல், நிமிர்ந்தும் பாராமல் பேசினான். முகத்தைப் பார்த்தால் பேச்சு வராது என்று அவனுக்குத் தெரியும்.

"சார், மலையில தூண் நட்டுக் கம்பி இழுக்கிற கூட்டம் ஒண்ணு உண்டுன்னு வாத்தியார் சொன்னாரு."

"உண்டு. அதுக்கென்ன?"

"அதுல என்னை விடுங்க சார்."

"உனக்குப் பைத்தியமா? அது மேசை வேலையில்ல. அட்டை கடிக்கும், மழை, காட்டுக் காய்ச்சல். பாதிப் பேரு ஒரு மாசத்துல ஓடிப்போயிருதான். அங்க நீ படிச்சவன்னு ஒருத்தனும் பாக்கமாட்டான். கங்காணி வாயில வாறதெல்லாம் கேக்கணும்."

"கேக்கேன் சார்."

"எதுக்குடே?"

எதற்கு? வழியெல்லாம் வாக்கியம் தயார் செய்தவனிடம் இப்போது ஒரு வாக்கியமும் இல்லை. "இங்க எனக்கு இருப்புக்கொள்ளல்ல சார்," என்றான். "அங்கேயும் கொள்ளாதுன்னா, கொள்ளாம இருந்துட்டுப் போறேன்."

எஞ்சினியர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அவர் சிரித்தாரா என்பது ராஜையனுக்குத் தெரியாது, அவன் பார்க்கவில்லை.

"திங்கக்கிழமை காலம்பற சாமான் லாரி ஒண்ணு போகுது. பின்னால ஏறிக்கோ. நல்ல கம்பளி ஒண்ணு கொண்டா. இனி உன் பேச்சு கங்காணிகிட்டத்தான், என்கிட்ட இல்ல. எனக்கு உன்னைத் தெரியும்னு அங்க ஒருத்தன்கிட்டயும் சொல்லக்கூடாது, கேட்டியா?"

"கேட்டேன் சார்."

"ஏலே!" தூரத்திலிருந்து ததேயுஸ் கையை ஆட்டிக் கத்தினார். "மட்டை நின்னுட்டு! என்ன, உறங்கிட்டியா? சுத்துலே!"

கை நின்றுவிட்டது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. கம்பி தளர்ந்து மணலைத் தொட இருந்தது. அது தொடுவதற்குள் ராஜையன் கைப்பிடியைச் சுழற்றினான்.